தோளுக்கு வளர்ந்த பிள்ளையும் தாயும்



சென்ற மாதம் நமது சங்கத்தில் மாதர் கூட்டம் முடிந்து, பாத்திரங்களைக் கழுவி அடுக்கிக் கொண்டிருந்த வேளையில், ஒரு சகோதரி நம்மைத் தனியே அழைத்துச் சென்றார். “என் மகள் ஆறு மாதமாக என்னோடு பேசுவதில்லை. கேட்டதற்குப் பதில் வருகிறது. அதற்கு மேல் ஒரு சொல் வருவதில்லை. வகுப்புத் தோழியோடு மட்டும் மராத்தியில் மணிக்கணக்காகச் சிரித்துப் பேசுகிறாள். நான் என்ன குற்றம் செய்தேன்?” என்று கேட்கும்போதே அவருடைய கண்கள் கலங்கிவிட்டன. அப்போது ஏதோ சமாதானம் கூறி அனுப்பினோம். அந்தச் சமாதானம் நமக்கே திருப்தி அளிக்கவில்லை. இம்மாதம் இப்பகுதியில் ஆரஞ்சுத் தோல் ஊறுகாயின் பக்குவத்தை எழுதுவதாக வாக்களித்திருந்தோம். அதனை அடுத்த மாதத்திற்கு ஒத்திவைத்துவிட்டு, அச்சகோதரிக்கு அன்று சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறோம்.

நாம் மருத்துவம் கற்றவரும் அல்லோம். மனோதத்துவம் படித்தவரும் அல்லோம். மெட்ரிகுலேஷன் தேறி, நாகபுரியில் ஒரு ரயில்வே அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்க்கிறோம். வயது 38. கணவர் சரக்கு வண்டி லோகோ பைலட். மாதத்தில் பாதி இரவுகள் அவருக்கு ரன்னிங் ரூமில் கழிகின்றன. மகளுக்கு வயது 14, மகனுக்கு 12. ஆகவே இது ஏட்டறிவன்று, பட்டறிவு. அதிலும் பெரும்பகுதி நாம் செய்த பிழைகளிலிருந்து கிடைத்தது.

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் நமது மகள் பள்ளியில் காலை வணக்கத்தின்போது மயங்கி விழுந்தாள். செய்தி வந்ததும் அரை நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினோம். முகம் வெளுத்திருந்தது, நகங்களில் இரத்தமே இல்லை. அன்று மாலையே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றோம். வீட்டில் துணைக்கு ஒருவரும் இல்லாததால் மகனும் உடன் வந்தான்.

அங்கேதான் நமது நிலை நமக்கு விளங்கியது. இந்த ஊருக்கு வந்து பதினாறு ஆண்டுகள் ஆகின்றன. கோப்புக்கும் கணக்குக்கும் வேண்டிய இந்தி நமக்கு நன்றாகத் தெரியும். காய்கறிக் கடைக்கு வேண்டிய மராத்தியும் தெரியும். உடம்பைப் பற்றிப் பேசும் சொற்கள் எந்த மொழியிலும் தெரியாது. டாக்டர் அம்மாள் கேட்ட கேள்வி புரியாமல் நாம் விழிக்க, மகளே அதனைத் தமிழில் நமக்குச் சொன்னாள். நாம் பதில் சொல்லத் தடுமாறியபோது, அவளே மராத்தியில் பதிலும் சொல்லிவிட்டாள். தன் நோயைப் பற்றித் தானே மொழிபெயர்க்கும் நோயாளி! தம்பி அருகில் உட்கார்ந்திருந்தான். மாதவிலக்கு எத்தனை நாள் இருக்கிறது என்ற கேள்விக்கு அவள் தலையைக் குனிந்து, “நான்கு நாள்” என்றாள். அது பொய் என்பது பின்னரே தெரிந்தது.

இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின் 8.6 என்று வந்தது. அந்த வயதில் 12-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரை கொடுத்து, நன்றாகச் சாப்பிடச் சொல்லி அனுப்பினார்கள். நாம் தினந்தோறும் டப்பா நிறையச் சாதம் கட்டி அனுப்புகிறோமே, பிறகு ஏன் இப்படி என்று நமக்கு விளங்கவில்லை. விடையை மகனே அவிழ்த்தான். “அக்கா தன் டப்பாவையும் என்னிடமே கொடுத்துவிடுவாள், அம்மா. நான்தான் இரண்டையும் தின்கிறேன்” என்றான். அவன் மட்டும் அவ்வாண்டு கொழுகொழுவென்று வளர்ந்த காரணமும் அப்போது தெரிந்தது.

சகோதரிகளே, அந்த நேரத்தில் நாம் நடந்துகொண்ட விதத்தை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து சமைத்த உழைப்பு வீணாயிற்றே என்ற ஆத்திரத்தில் கத்தினோம். ஊரிலிருக்கும் நாத்தனார் மகளை உவமை காட்டிப் பேசினோம். “மெலிந்து அழகாக வேண்டும் என்று பட்டினி கிடக்கிறாயா?” என்றும் கேட்டுவிட்டோம். அவள் பதில் சொல்லவில்லை. அன்று முதல் ஒன்பது நாட்கள் நம்மோடு பேசவில்லை. அந்த ஒன்பது நாளும் வீட்டில் கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

பத்தாம் நாள் இரவு மின்சாரம் போயிற்று. மகன் உறங்கிவிட்டான். இருட்டில் கூடத்தில் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவளும் தள்ளி உட்கார்ந்திருந்தாள். என்ன தோன்றிற்றோ, நாம் அவளைக் கேள்வி கேட்பதை விட்டுவிட்டு நமது கதையைச் சொல்லத் தொடங்கினோம். தஞ்சை மாவட்டத்துக் கிராமத்தில் நாம் பெரியவளானபோது கொல்லைப்புறத்துத் தாழ்வாரத்தில் தனித் தட்டு, தனித் தம்ளரோடு பதினோரு நாட்கள் உட்காரவைத்தார்கள். உடம்பில் ஏதோ பெருநோய் வந்துவிட்டது, இனிப் பிழைக்கமாட்டோம் என்று நாம் மூன்று நாட்கள் நம்பியிருந்தோம். நம் தாயார் உட்பட ஒருவரும் இதுவென்ன என்று விளக்கவில்லை. இருபத்தைந்து ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாத கதை அது. சொல்லி முடித்ததும் சிறிது நேரம் மௌனமாக இருந்தோம்.

பிறகு இருட்டிலிருந்து அவள் குரல் வந்தது.

“நீ ஏன் அம்மா அந்தப் படத்தைப் போட்டாய்?”

எந்தப் படம் என்று நமக்கு நினைவே இல்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன், அவளுக்குப் பதினொரு வயதில், மாமியாரின் விருப்பப்படி ஊரில் மஞ்சள் நீராட்டு நடத்தினோம். தாய்மாமன் சீர் கொண்டுவந்து மாலையிட்டார். அந்தக் கோலத்தில் எடுத்த படத்தைப் பெருமையோடு நமது கைபேசியில் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸாகப் போட்டிருந்தோம். குடியிருப்பில் உள்ள ஓர் அம்மாளின் கண்ணில் அது பட்டது. அவர் பிள்ளை மூலமாக வகுப்பு முழுவதும் பரவியது. அன்று முதல் அவ்வகுப்புப் பையன்கள் அவளுக்கு ‘ஹல்தி’ என்று பெயர் வைத்துவிட்டார்களாம். மஞ்சள்! அவள் கழிப்பறைக்குச் செல்ல அனுமதி கேட்டு எழுந்தால் போதும், பின்வரிசையில் அந்தப் பெயர் கேட்கும். போதாக்குறைக்குப் பெண்கள் கழிப்பறையின் தாழ்ப்பாள் உடைந்திருந்தது, தண்ணீரும் இல்லை. எனவே எழுந்து போகத் தேவையே வராதபடி, காலை முதல் மாலை வரை தண்ணீர் குடிப்பதில்லை, சாப்பிடுவதில்லை என்று அவள் ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். விலக்கும் நான்கு நாள் அன்று, எட்டு நாள்.

நாம் ஊட்டிய பெருமையே அவளை இரண்டு ஆண்டுகள் பட்டினி போட்டிருக்கிறது. அன்றிரவு நாம் மன்னிப்புக் கேட்டோம். மகளிடம் தாய் மன்னிப்புக் கேட்கலாமா என்று சில சகோதரிகள் நினைக்கக்கூடும். கேட்கலாம், கேட்டதனால் நமது மரியாதை குறையவில்லை.

இனி, இதிலிருந்து நாம் கற்றதைச் சொல்கிறோம்.

முதலாவது, டாக்டரிடம் செல்லும் காரியம். மறுமுறை போகும்போது, “நான் உள்ளே வரட்டுமா, வெளியில் இருக்கட்டுமா?” என்று மகளைக் கேட்டோம். “நீ வெளியில் இரு, அம்மா” என்றாள். நெஞ்சில் சுருக்கென்றது. இருபது நிமிடம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். ஆனால் அந்த இருபது நிமிடத்தில்தான் உண்மை முழுவதும் டாக்டருக்குத் தெரிந்து, சரியான மருந்தும் கிடைத்தது. வேறு மொழி பேசும் ஊரில் வாழும் நாம், பிள்ளைகளையே மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறோம். ரேஷன் கடைக்கு அது சரி. அவர்களுடைய உடம்பைப் பற்றிய பேச்சுக்கு அது கொடுமை. இரண்டு மொழியும் அறிந்த ஒரு பெண்மணியை அழைத்துச் செல்லுங்கள். அல்லது பிள்ளை டாக்டரிடம் தனியே பேசட்டும். தம்பி தங்கைகளை அண்டை வீட்டில் விட்டுச் செல்லுங்கள்.

எப்போது டாக்டரிடம் போகவேண்டும் என்பதையும் தெரிந்துகொள்வது நலம். முதல் இரண்டு ஆண்டுகளில் விலக்கு நாட்கள் முன்பின்னாக வருவது பெரும்பாலும் இயற்கை. ஆனால் 7 நாட்களுக்கு மேல் நீடித்தாலும், ஒரு மணி இரண்டு மணிக்கொருமுறை துணி மாற்ற நேர்ந்தாலும், வலியால் பள்ளிக்கே செல்ல முடியாவிட்டாலும், 15 வயதாகியும் பூப்பெய்தாவிட்டாலும் காத்திருக்கக் கூடாது.

இரண்டாவது, உணவு. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயதுவரை உள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தச் சோகை இருக்கிறது. அதே வயது ஆண்பிள்ளைகளிலும் நூற்றுக்கு 31 பேருக்கு உண்டு. எனவே இது ஒரு வீட்டுக் கதையன்று. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் வாரம் ஒருமுறை இரும்புச் சத்தும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த நீல மாத்திரை கொடுக்கும் திட்டம் இருக்கிறது. தனியார் பள்ளியில் படிக்கும் பிள்ளைக்கு அது கிடைக்காமல் போகலாம், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். வீட்டில் கீரை, கறுப்புக் கொண்டைக்கடலை, எள்ளுருண்டை, கேழ்வரகு அடை இவற்றை வாரத்தில் மாற்றி மாற்றிக் கொடுக்கலாம். அசைவம் உண்பவர்களுக்கு ஈரலும் மீனும் நல்லவை. இரும்புச் சத்து உடலில் சேர எலுமிச்சையும் கொய்யாவும் நமது நாகபுரி ஆரஞ்சும் துணை செய்யும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் தேநீரும் காப்பியும் அதனைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். ஆறு மாதத்திற்கொருமுறை பூச்சி மருந்து கொடுக்கவும் மறவாதீர்கள்.

மூன்றாவது, பள்ளி. நாம் தனியே போகவில்லை. அதே வகுப்புப் பெண்களின் தாய்மார் இருவரைச் சேர்த்துக்கொண்டோம். ஒருவர் மராத்தியர், மற்றவர் தெலுங்கர். எந்தப் பெண்ணின் பெயரையும் சொல்லாமல், தாழ்ப்பாள், தண்ணீர், மூடியுள்ள குப்பைக்கூடை என்ற மூன்றை மட்டும் தலைமையாசிரியையிடம் கேட்டோம். தாழ்ப்பாள் ஒரு வாரத்தில் வந்தது. தண்ணீர் வரத் தீபாவளி ஆயிற்று. கேலிப் பெயரைப் பற்றி வகுப்பாசிரியை பொதுவாக ஒரு நாள் பேசினார். அது முழுவதும் நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. ஆயினும் மகள் இப்போது தண்ணீர்ப் புட்டியைக் காலியாகக் கொண்டுவருகிறாள்.

நான்காவது, பருவத்தைப் பற்றிய அறிவு. உலக சுகாதார நிறுவனம் 10 முதல் 19 வயது வரையிலான காலத்தை வளரிளம் பருவம் என்கிறது. பெண்களுக்கு 8 முதல் 13 வயதுக்குள்ளும் ஆண்களுக்கு 9 முதல் 14 வயதுக்குள்ளும் உடல் மாறுதல்கள் தொடங்குகின்றன. உடல் விரைந்து வளர்கிறது. முன்பின் எண்ணிப் பார்த்து அடக்கிக்கொள்ளும் வேலையைச் செய்கிற மூளையின் முன்பகுதியோ 25 வயதளவில்தான் முதிர்ச்சி பெறுகிறது. சட்டென்று வரும் கோபமும் அழுகையும் நம்மை அவமதிப்பதற்காக வருவன அல்ல. அதுபோலவே உறக்கமும். இந்த வயதில் உடலின் உள் கடிகாரம் பின்னோக்கிச் சாய்வதால் இரவு உறக்கம் தாமதமாக வருகிறது. விடியலில் எழ முடிவதில்லை. நாளொன்றுக்கு 8 முதல் 10 மணி நேர உறக்கம் அவர்களுக்குத் தேவை. ‘சோம்பேறி’ என்று திட்டுமுன் இதனை நினைவிற்கொள்வோம். ஆனால் இரவில் கைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைப்பது என்ற சட்டம் நம் வீட்டில் உண்டு. அது நமக்கும் கணவருக்கும் சேர்த்தே. பெற்றோர் பின்பற்றாத சட்டத்தைப் பிள்ளைகள் பின்பற்றமாட்டார்கள்.

ஐந்தாவது, ஆண்பிள்ளைகள். பெண்ணுக்குச் சடங்கு செய்து ஊரைக் கூட்டும் நாம், ஆணுக்கு ஒரு சொல்கூடச் சொல்வதில்லை. இருப்புப்பாதை ஓரத்துச் சுவர்களில் போலி வைத்தியர்கள் எழுதிவைத்திருக்கும் விளம்பரங்களைச் சகோதரிகள் பார்த்திருப்பீர்கள். நம் மகன் இந்தி நன்றாக வாசிப்பான், அவனும் வாசித்திருக்கிறான். யாரும் விளக்காவிட்டால் அந்தச் சுவர்தான் அவனுக்கு ஆசிரியர். ஓய்வு நாளில் சைக்கிளைப் பழுது பார்க்கும் சாக்கில் அவனைத் தந்தை வெளியே அழைத்துச் சென்றார். குரல் உடைவதும், மீசை அரும்புவதும், உறக்கத்தில் தானே நிகழ்வதும் இயற்கையே, நோயன்று, மருந்து வேண்டாம் என்று சொன்னார். அக்காளுக்கு மாதந்தோறும் நேர்வது என்ன என்பதையும் சொன்னார். தன் வகுப்பில் ஒரு பெண்ணை யாரேனும் கேலி செய்தால் சேர்ந்து சிரிக்கக் கூடாது என்பதே அப்பேச்சின் முடிவு. தந்தை அருகில் இல்லாத வீட்டில் தாயே சொல்லலாம். அல்லது நம்பிக்கையான மாமனோ சித்தப்பாவோ சொல்லலாம்.

ஆறாவதாகச் சொல்லப்போவது, தமிழ்ச் சங்கத்தின் இதழில் எழுதத்தக்கதுதானா என்று சிறிது தயங்கினோம். நமது பிள்ளைகள் தமிழில் பேசவேண்டும். அதில் நமக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் ஒரு பிள்ளை மனம் உடைந்து இந்தியிலோ மராத்தியிலோ பேசத் தொடங்கினால், “தமிழில் பேசு” என்று அவ்வேளையில் குறுக்கிடாதீர்கள். துயரம் எந்த மொழியில் வருகிறதோ அந்த மொழியில் வரட்டும். புரியாத சொல்லைப் பின்னர் கேட்டுக்கொள்ளலாம். கேட்கும் காது தமிழாக இருந்தால், நாளடைவில் பேசும் வாயும் தமிழுக்குத் திரும்பும். நம் வீட்டில் அப்படித்தான் நடந்தது.

சடங்கைப் பற்றியும் ஒரு வார்த்தை. செய்வதோ விடுவதோ அவரவர் குடும்ப வழக்கம். நாம் கேட்பதெல்லாம், பெண்ணை ஒரு வார்த்தை கேளுங்கள் என்பதுதான். அவள் வேண்டாம் என்றால், பாட்டியின் மனம் நோகாமல் வீட்டளவில் முடித்துக்கொள்ள வழியுண்டு. படத்தைக் கைபேசியில் பரப்பாதீர்கள். நமது ஊரில் அது மங்கலம்; அவள் படிக்கும் பள்ளியில் அது வேறொன்றாக மாறிவிடுகிறது. இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் வாழ்கிறவள் அவள்தான்.

இறுதியாக, எல்லா மௌனமும் பருவத்தின் மௌனமன்று. இரண்டு வாரத்திற்கு மேலாக உணவும் உறக்கமும் குலைந்திருந்தாலோ, விரும்பிய விளையாட்டும் தோழமையும் கசந்துபோனாலோ, உடம்பில் தானே செய்துகொண்ட காயம் தென்பட்டாலோ, ‘நான் இருந்து என்ன பயன்’ என்ற பேச்சு வந்தாலோ, அதனை நடிப்பென்று தள்ளாமல் உடனே உதவி தேடவேண்டும். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பேசலாம், கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். பிள்ளைக்கு யாராலேனும் தீங்கு நேர்ந்தால் 1098 என்ற எண் இருக்கிறது. இவ்விரண்டு எண்களையும் நாட்காட்டியின் மேல் எழுதி மாட்டிவைத்தால், நமக்குத் தெரியாமலே பிள்ளையின் கண்ணிலும் படும்.

நமது மகளுக்கு நான்கு மாதத்திற்குப் பின் எடுத்த பரிசோதனையில் 11.4 வந்தது. இன்னும் 12 ஆகவில்லை, மாத்திரை தொடர்கிறது. எல்லாவற்றையும் நம்மிடம் சொல்லிவிடுகிறாளா என்றால், இல்லை. சொல்லவும் வேண்டாம். வாரத்தில் இரண்டு மூன்று இரவுகள், விளக்கை அணைத்துவிட்டுக் கூடத்தில் உட்காருகிறோம். சில நாள் பேசுவாள்; சில நாள் பேசாமல் எழுந்து போவாள். மின்சாரம் போகக் காத்திராமல் நாமே அணைத்துக்கொள்ளப் பழகியிருக்கிறோம்.

கூட்டத்தில் நம்மைக் கேட்ட சகோதரிக்கு இதுவே நமது பதில். நீங்கள் குற்றம் செய்தீர்களா என்பது நமக்குத் தெரியாது. செய்திருந்தாலும் அது தீர்க்கக்கூடியதே. மகளைக் கேள்வி கேட்பதை ஒரு வாரம் நிறுத்திவிட்டு, உங்களுடைய பதின்மூன்றாம் வயதில் நடந்த ஏதேனும் ஒன்றை அவளுக்குச் சொல்லிப் பாருங்கள்.

மற்றச் சகோதரிகளும் தங்கள் அனுபவங்களைச் சங்க முகவரிக்கு எழுதலாம், பெயரை வெளியிடமாட்டோம். மகளின் அனுமதி பெற்றே இக்கட்டுரையை எழுதினோம். படித்துப் பார்த்து இரண்டு வரிகளை அடித்துவிட்டாள். அவை இங்கே இல்லை. அடுத்த மாதம் ஊறுகாய்.